மேடையில் எழும்பிப் பேச எங்கே பழகலாம்? யாழ்ப்பாணத்தில் ஐந்து வழிகள், ஓர் அச்சகக்காரனின் கணக்கு

போன மாதம் மூன்று பேர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டார்கள். முதலாவது ஆள், வங்கியொன்றில் உதவி முகாமையாளராகப் பதவி உயர்ந்த தம்பி. இனி மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக் கூட்டத்தில் எழும்பி ஆங்கிலத்தில் கிளையின் கணக்கை விளக்க வேண்டும். இரண்டாவது, பல்கலைக்கழக இறுதி வருடத் தங்கச்சி. இன்னும் இரண்டு மாதத்தில் தன் ஆய்வை விரிவுரையாளர்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். மூன்றாவது, எங்கள் பக்கத்து மாதர் சங்கத்துக்குப் புதிதாகத் தலைவியான ஐம்பது வயது அக்கா. அவர் கேட்டது இப்படி: "தம்பி, பேப்பரைப் பாத்து வாசிச்சாலும் கை நடுங்குது. எங்கையும் போய்ப் பழகலாமோ, இல்லாட்டி இது பிறவிக் குணமோ?"

பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில் இல்லை. அச்சகத்தில் பக்கம் அமைப்பவன் நான். ஆனால் யாழ்ப்பாணத்தில் அழைப்பிதழ் அமைக்கிறவனுக்கு மேடைப்பேச்சைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியாது. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று ஒரு பக்கத்துக்குள் அடங்காமல் எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும் ஊர் இது. வாழ்த்துரைக்குக் கீழே மட்டும் ஏழு பெயர் நிற்கும். இத்தனை பேர் பேசுகிற ஊரில் பேசப் பயந்தவர்களும் இத்தனை பேர் இருப்பது ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை, என் பெயரும் ஒருநாள் அந்த நிரலில் ஏறும் வரைக்கும்.

அது ஒரு நூல் வெளியீடு. புத்தகத்தை அமைத்தது நான் என்பதால் ஆசிரியர் மரியாதைக்கு நன்றியுரையை எனக்குத் தந்துவிட்டார். நாலு மணி என்று அடித்த விழா ஐந்துக்குத் தொடங்கியது. என் முறை வந்தபோது எட்டேகால். முன்வரிசைப் பெரியவர்களும் ஒலிபெருக்கிக்காரரும்தான் மிச்சம். மற்றவர்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். பதினாறு பேருக்கு நன்றி சொன்னேன். ஒலிபெருக்கிக்காரரை விட்டுவிட்டேன். அவர் வயரைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த ஐந்து வழிகளில் மூன்றில் நானே நடந்திருக்கிறேன். மற்ற இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

"எந்த வகுப்பு நல்லது?" என்று கேட்டுத் தொடங்கினால் சரியான பதில் வராது. நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பாருங்கள்.

மாதத்தில் எத்தனை தரம் எழும்பலாம்? என் கணக்கில் முதல் இடம் இதற்குத்தான். நெஞ்சு படபடப்பது பேச எழும்புவதற்குச் சற்று முன்னரும், எழும்பிய முதல் நிமிடத்திலுமே அதிகம். பிறகு அது தானாக இறங்கத் தொடங்கும். அந்த இறக்கத்தை உடம்பு திரும்பத் திரும்ப அனுபவித்தால்தான் அடுத்த முறை கொஞ்சம் குறைவாகப் படபடக்கும். வருடத்துக்கு ஒருமுறை மேடை ஏறுகிறவர் ஒவ்வொரு வருடமும் முதலாம் தரம் ஏறுகிறவர் போலவே ஏறுவார்.

இறங்கிய பிறகு உண்மை சொல்வது யார்? நம்மைப் பற்றி நாமே எடுக்கும் கணக்கு பிழை. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. பேசுகிறவர் தன் பதற்றம் சபைக்குத் தெரிவதாக எவ்வளவு நினைக்கிறாரோ, அவ்வளவு அது தெரிவதில்லை. இந்த விடயத்தை யாருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தார்களோ அவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். ஆகவே வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். "நல்லாக் கதைச்சனீங்கள்" என்பது இந்தக் கணக்கில் சேராது.

கேட்கிறவர்கள் யார்? கொழும்பு மேலதிகாரிகளிடம் பேசப் போகிறவர் கோயில் மண்டபத்தில் பழகினால் பயம் தெளியும். ஆனால் பேச்சு அப்படியே பொருந்தாது.

மெய்யான செலவு என்ன? காசு ஒரு பங்குதான். பின்னேரங்கள், பஸ் பயணம், வீட்டாரின் முகம், ஊர்க்கதை எல்லாம் சேர்ந்தது அது.

## 1. ஊர் மேடை: சனசமூக நிலையம், கழகம், சங்கம்

இதை யாரும் பயிற்சி என்று நினைப்பதில்லை. அதனால்தான் முதலில் வைக்கிறேன்.

சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பழைய மாணவர் சங்கம். ஊருக்கு ஊர் இவை இருக்கின்றன, எல்லாவற்றிலும் பேசுவதற்கு ஆள் தட்டுப்பாடும் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் போன கூட்ட அறிக்கையை வாசிக்க ஓர் ஆள், வாசிகசாலை ஆண்டு விழாவில் வரவேற்புரைக்கு ஓர் ஆள், விளையாட்டுப் போட்டியில் ஒலிவாங்கியைப் பிடிக்க ஓர் ஆள். "நான் செய்யிறன்" என்று சொன்னால் மறுக்க மாட்டார்கள். காசு ஒரு சதமும் இல்லை.

படி இப்படி வைத்தால் நல்லது. முதலில் அறிக்கை வாசிப்பு: தாளைப் பார்த்து வாசிப்பதுதான் வேலை என்பதால் கூச்சம் இல்லை. அடுத்து அறிவிப்பு: இரண்டே வசனம், ஆனால் சனத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதன்பின் வரவேற்புரை. நன்றியுரைக்கு அதற்குப் பிறகு வாருங்கள். எல்லோரும் நன்றியுரையை இலேசென்று நினைத்துப் புதியவரிடம் தள்ளிவிடுகிறார்கள். அது மேடையிலேயே கடினமான உரை: களைத்த சபை, எழும்பி நடக்கிற சபை, ஒரு பெயரும் தவறக் கூடாது, மூன்று நிமிடத்துக்கு மேல் போகவும் கூடாது. அதைச் சரியாகச் செய்தவருக்கு வேறு எந்த உரையும் பெரிய பாரம் இல்லை.

அஞ்சலி உரை வேறு சாதி. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு (இறந்தவரின் நினைவு நூல்) அடிக்க வருகிறவர்கள் சிலவேளை "நீங்களும் இரண்டு வார்த்தை சொல்லுங்கோ" என்பார்கள். பழகுவதற்கென்று அங்கே எழும்பாதீர்கள். செத்த வீட்டில் பேச்சு முந்தக் கூடாது.

இந்த வழியின் குறை உண்மை சொல்ல ஆளில்லாமை. ஊரவர் முகத்துக்கு முன்னால் புகழ்வார்கள், தேத்தண்ணிக் கடையில் வேறு கதைப்பார்கள். இரண்டாலும் பயன் இல்லை. என் வீட்டுக்காரிதான் என் நாலாவது உரைக்குப் பிறகு, "ஏன் சுவரில தொங்கிற மணிக்கூட்டைப் பாத்துக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டார். மூன்று மேடையில் யாரும் சொல்லாத உண்மை அது.

மறைந்த செலவும் உண்டு. நன்றாகப் பேசுகிறவரை விட மாட்டார்கள். இரண்டாம் வருடம் உங்களைச் செயலாளராக்குவார்கள். கணக்கறிக்கை, நிருவாகசபைப் பிணக்கு, இரண்டு தரப்புச் சண்டையில் நடுவில் நிற்பது என்று பின்னேரங்கள் எல்லாம் போய்விடும். பேசத்தான் வந்தோம் என்று நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

யாருக்கு இது முதல் தெரிவு: ஊருக்குள்ளேயே பேச வேண்டியவர்களுக்கும், காசு செலவழிக்க முடியாதவர்களுக்கும், முப்பது பேரைக் கண்டாலே தொண்டை வரண்டு போகிறவர்களுக்கும். முகம் தெரிந்த முப்பது பேர், முகம் தெரியாத முப்பது பேரைவிட எல்லோருக்கும் இலேசு என்பதில்லை. சிலருக்குத் தெரிந்த முகம்தான் பயம். அவர்கள் நாலாவது வழிக்குப் போகலாம்.

## 2. கோயில்: புராணப்படிப்பும் பிரசங்கமும்

நம்மூர்க் கோயில்களில் புராணப்படிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். பயன் சொல்வது என்பது எழுதிவைத்து வாசிப்பது இல்லை. பாட்டு முடிந்தவுடன், முன்னால் இருக்கிற ஆச்சிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும்படி, அந்த இடத்திலேயே வசனம் கட்ட வேண்டும். ஆயத்தமில்லாமல் பேசுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நான் கண்டதில்லை. கந்தபுராணம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளது. திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம் படிப்பார்கள். பெருங்கதை விரதம் இருபத்தொரு நாளும் பிள்ளையார் கதை நடக்கும். தொடர்ந்து இருபத்தொரு பின்னேரம் சபைக்கு முன்னால் வாய் திறக்கக் கிடைக்கிற வாய்ப்பு எந்த வகுப்பில் இருக்கிறது?

ஆறுமுக நாவலரைப் பெரிய பேச்சாளர் என்று படித்திருக்கிறோம். அவர் பழகிய விதத்தைக் கவனிப்பது குறைவு. மெதடிஸ்த பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் தமிழாக்கத்துக்கு உதவியவர். பாதிரிமார் கிழமை தவறாமல் சபையைக் கூட்டிப் பிரசங்கிப்பதைப் பக்கத்தில் இருந்து கண்டவர். 1847 டிசம்பர் 31 ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் அது நடந்தது. நண்பர் கார்த்திகேய ஐயரும் கூடப் பிரசங்கித்தார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் "நாவலர்" என்ற பட்டத்தைக் கொடுத்தபோது, வெள்ளி தோறும் எழும்பிப் பேசிய நீண்ட பழக்கம் அவருக்குப் பின்னால் இருந்தது. அதே பயணத்தில் அச்சியந்திரமும் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார் என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

இந்த வழியில் உண்மை சொல்ல ஆள் உண்டு. பக்கத்தில் வாசிக்கிறவரே திருத்துவார், சபையில் இருக்கும் முதியவர் ஒருவர் "அந்தச் சொல்லுக்கு அது பொருள் இல்லைத் தம்பி" என்று நடுவிலேயே சொல்வார். முதலில் சுடும். ஆனால் அந்தப் பிழை இரண்டாம் தரம் வராது.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று படிப்பு: பாட்டைப் பிரிக்கத் தெரியாமல் பயன் சொல்ல முடியாது, ஆகவே ஒன்றிரண்டு வருடம் வாசிப்பவராகவே இருக்க வேண்டும். மற்றது, எல்லோருக்கும் திறந்த இடமாக இது இல்லை. நான் பார்த்த கோயில்களில் பெண்களுக்குப் பண்ணிசை கிடைக்கிற அளவுக்குப் பயன் சொல்லும் இடம் கிடைப்பதில்லை. தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தை நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் சமயப் பிரசங்கத்தால் நாடெங்கும் அறியப்பட்ட மண் இது. அப்படி இருந்தும் இந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வாசகமும் இளையோர் கூட்டமும் இதே வேலையைச் செய்கின்றன. அங்கே பெண்பிள்ளைகள் எழும்புவது சாதாரணம்.

யாருக்கு இது முதல் தெரிவு: தமிழில் ஆழமாகவும் நின்றும் பேச விரும்புகிறவர்களுக்கு, அவசரம் இல்லாதவர்களுக்கு. இரண்டு மாதத்தில் பலன் வேண்டும் என்கிறவர் இங்கே வரத் தேவையில்லை.

## 3. பட்டிமண்டபமும் பேச்சுப்போட்டியும்

யாழ்ப்பாணத்தாருக்குப் பட்டிமண்டபம் பழக்கமானது. 1980 இல் இங்கே தொடங்கிய கம்பன் கழகம் அதை ஒரு பெரிய சபைக் கலையாகவே வளர்த்தது. பள்ளிக்கூடங்களில் விவாத அணிகள் இருக்கின்றன. தமிழ்மொழித் தினப் போட்டி பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறுகிறது.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. விவாதம் நல்லது. எதிரணி என்ன சொல்லும் என்று தெரியாமல் எழும்ப வேண்டும், கேட்க வேண்டும், கேட்டதை அந்த இடத்திலேயே மடக்க வேண்டும். காதைப் பழக்குகிற ஒரே வழி இந்த ஐந்தில் இதுதான்.

பேச்சுப்போட்டியைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் குறைவு. ஆசிரியர் எழுதுவார், பிள்ளை பாடமாக்கும், கை எங்கே உயர வேண்டும் என்பதும் பாடம். "அவையடக்கத்தோடு" என்று தொடங்கும்போதே குரல் இரண்டு கட்டை ஏறி நிற்கும். பத்து வயதில் வென்ற அந்தக் குரல் நாற்பது வயதிலும் போகாது. அலுவலகக் கூட்டத்தில் "ஏப்பிரல் மாதக் கையிருப்பு" என்பதைப் போர்ப்பரணி போலச் சொல்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய வீட்டு அலுமாரியில் கிண்ணங்கள் நிறைய.

மற்றக் குறை வயது. பள்ளிக்கூடம் முடிந்தவுடன் இந்த மேடை மூடிவிடும். வளர்ந்தவர்களுக்கான பட்டிமண்டபத்தில் பேர்பெற்றவர்களுக்கே இடம். புதியவர் வருடத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவில் உள்ளூர் அணியில் நுழையலாம், அவ்வளவுதான்.

யாருக்கு: பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு, விவாத அணியில். ஏற்கெனவே பயம் தெளிந்து, இனிக் கூர்மை வேண்டும் என்கிற பெரியவருக்கு.

## 4. ரோஸ்ட்மாஸ்ரர்ஸ் கழகம்

பெயரைக் கேட்டால் பாண் வாட்டுவது போல இருக்கும். 1924 இல் கலிபோர்னியாவின் சாந்தா அனா நகரில் றால்ப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய, மேடைப்பேச்சுப் பழகுகிறவர்களின் கழகம் இது. இன்று உலகெங்கும் கழகங்கள். இணையவழியில் கூடுகிற கழகங்களும் தமிழில் நடக்கிற கழகங்களும் இருப்பதால், பக்கத்தில் ஒன்று வசதிப்படாவிட்டாலும் வீட்டில் இருந்தே சேரலாம்.

விருந்தினராக ஒரு கூட்டத்துக்குப் போனேன். காசு கேட்கவில்லை. கூட்டத்தின் அமைப்பைப் பார்த்தபோது இதைக் கண்டுபிடித்தவருக்குப் பயந்த ஆட்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை. ஆயத்தம் செய்த உரை பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நிமிடம். அறிமுக உரை நாலு முதல் ஆறு. பிறகு திடீர்த் தலைப்பு: பெயரைக் கூப்பிட்டுக் கேள்வியைக் கொடுப்பார்கள், ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் பதில். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுகிறார் ஒருவர். "ஆ", "ம்" எத்தனை தரம் சொன்னீர்கள் என்று எண்ணுகிறார் இன்னொருவர். (நம்மூர் விழாக்களுக்கு அந்தச் சிவப்பு விளக்கை மட்டுமாவது இரவலாகத் தந்தால் நல்லது.) ஒவ்வொரு உரைக்கும் ஒரு மதிப்பீட்டாளர் இரண்டு மூன்று நிமிடம் எழும்பிச் சொல்வார்: எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம். அந்த மதிப்பீடே ஓர் உரை. ஆகவே ஒரு பின்னேரத்தில் பேசாமல் வீடு போகிறவர் குறைவு.

என் முதல் இரண்டு அளவுகோலிலும் இது மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது. மாதத்தில் இரண்டு அல்லது நாலு கூட்டம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வேலைக்கு எழும்ப வேண்டும். உண்மை சொல்ல ஆள் நியமித்திருக்கிறார்கள்.

ஆனால் காசு. நான் இதை எழுதும்போது தலைமைச் சங்கத்துக்கு அரையாண்டுக்கு 60 டொலர்; புதிதாகச் சேர்பவர் ஒருமுறை இன்னும் 20 டொலர் கட்ட வேண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் முதல் அரையாண்டுக்கே 24,000 ரூபாய். கழகம் தன் மண்டபச் செலவுக்கு மேலதிகமாகக் கேட்கலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் உறுப்பினராக முடியாது. அவர்களுக்கு வேறு அமைப்பு வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு மறைந்த செலவு இருக்கிறது. கைதட்டல் அங்கே எல்லோருக்கும் கிடைக்கும். சபை முழுவதும் உங்களைத் தூக்கிவிடக் காத்திருக்கிற சபை. அதில் ஆறுமாதம் பழகியவர், போன் நோண்டிக்கொண்டும் பிந்தி வந்துகொண்டும் இருக்கிற உண்மையான சபைக்கு வந்தால் திகைத்துப் போவார். புகழ்ச்சி, திருத்தம், புகழ்ச்சி என்று சுற்றிக் கொடுப்பதால், திருத்தத்தைக் காதில் வாங்காமல் வருகிறவர்களும் உண்டு.

யாருக்கு: ஆங்கிலத்தில் பேச வேண்டியவருக்கு, மாதச் சம்பளம் உள்ளவருக்கு, தெரிந்தவர் முன்னால் கூச்சப்படுகிறவருக்கு.

## 5. காசு கட்டும் வகுப்பு

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு வகுப்பில் முப்பது பேர், ஒன்றரை மணித்தியாலம். ஆசிரியர் பாதி நேரம் விளக்குகிறார். மிச்சம் நாற்பத்தைந்து நிமிடம், ஆளுக்கு ஒன்றரை நிமிடம். பன்னிரண்டு கிழமை போனால் நீங்கள் எழும்பிப் பேசியது பதினெட்டு நிமிடம். சான்றிதழ் வடிவாக இருக்கும். அதை அமைக்கிறவனே நான்தான்.

ரியூசன் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. முன்னால் ஒருவர் நின்று சொல்ல, கொப்பியில் எழுதிக்கொண்டால் படித்ததாக நினைக்கிறோம். இது நீச்சல் மாதிரியான விடயம். கேணிக்கரையில் இருந்து குறிப்பெடுத்து யாரும் நீந்தியதில்லை.

இருந்தாலும் இது சரியான தெரிவாகும் இடங்கள் உண்டு. பத்துப் பேருக்கு மேற்படாத வகுப்பு, ஒவ்வொருவரையும் படம்பிடித்துத் திருப்பிப் போட்டுக் காட்டுகிற ஆசிரியர், மூன்று கிழமையில் ஒரு நேர்முகத் தேர்வு. இந்த மூன்றும் சேர்ந்தால் காசு கொடுக்கலாம். சேருமுன் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "மொத்தத்தில் நான் பேசப்போவது எத்தனை நிமிடம்?" பதில் மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். திக்கல் இருப்பவர்கள் இந்த வகுப்புகளில் காலத்தைக் கடத்தாமல் பேச்சுச் சிகிச்சையாளரைக் காண்பது நல்லது. அது வேறு விடயம், அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | மாதத்தில் எழும்பும் வாய்ப்பு | உண்மை சொல்பவர் | காசு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஊர் மேடை | 1–2, கேட்டால் கூடும் | வீட்டார் மட்டும் | இல்லை | பதவி தலையில் விழும் |
| கோயில் | காலத்துக்குக் காலம், வந்தால் தொடர்ச்சியாக | மூத்தவர்கள், உடனே | இல்லை | நீண்ட படிப்பு. எல்லோருக்கும் இடமில்லை |
| விவாதம், பட்டிமண்டபம் | மாணவருக்கு அதிகம், பெரியவருக்கு அரிது | நடுவர், எதிரணி | குறைவு | போட்டிக் குரல் ஒட்டிக்கொள்ளும் |
| ரோஸ்ட்மாஸ்ரர்ஸ் | 2–4 | நியமித்த மதிப்பீட்டாளர் | அதிகம் | செல்லமான சபை |
| வகுப்பு | நிமிடக் கணக்கில் குறைவு | ஆசிரியரைப் பொறுத்தது | இடத்துக்கு இடம் மாறும் | படித்துவிட்டோம் என்ற நினைப்பு |

கைத்தொலைபேசியில் தன்னைத்தானே பதிந்து கேட்பதை நான் தனி வழியாக எண்ணவில்லை. சபை இல்லாத இடத்தில் பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் பயம் தெளிவதும் இல்லை. ஆனால் மேலே உள்ள ஐந்தில் எதை எடுத்தாலும் இது கூட வர வேண்டும். முதல் நாள் உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது. நாம் பேசும்போது நமது குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்கு வருவதால் கனமாகக் கேட்கும். பதிவில் அது இல்லை, மெலிந்து கேட்கும். மற்றவர்கள் எப்போதும் கேட்டது அந்த மெலிந்த குரலைத்தான், அவர்கள் ஒன்றும் ஓடிப்போகவில்லை. குரலை விட்டுவிட்டு "வந்து", "என்னெண்டால்", "உண்மையிலேயே" என்பவற்றை எண்ணுங்கள். என் முதற் பதிவில் நாலு நிமிடத்தில் இருபத்திரண்டு "அதாவது".

## எந்தத் தமிழில்?

இதை யாரும் கேட்பதில்லை. பாதிப் பயம் இங்கேதான் இருக்கிறது. வீட்டில் "கதைக்கிறம்", மேடையில் "உரையாற்றுகின்றோம்". நடுவில் ஒரு பள்ளம். எழும்பியவுடன் மேடைத்தமிழுக்குத் தாவுகிறவர் மூன்றாவது வசனத்தில் வினைமுற்றைத் தேடித் தடுமாறுவார். சபை பார்ப்பது பயத்தை என்று அவர் நினைப்பார். உண்மையில் அவர் தேடியது ஒரு சொல்லை.

இப்போது மூன்றாவது ஒன்றும் வந்திருக்கிறது: தொலைக்காட்சியிலும் யூடியூப்பிலும் கேட்ட இந்தியப் பேச்சு. நல்லூரில் பிறந்த பிள்ளை ஒலிவாங்கியைக் கண்டவுடன் சென்னைக்குப் போய்விடும். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் தன் வாயில் இல்லாத ஒலியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவருக்குப் பேச்சு விடயத்தில் கவனம் எப்படி நிற்கும்?

நான் செய்வது: வசன அமைப்பு எழுத்துத்தமிழ், சொற்கள் நம் வீட்டுச் சொற்கள். முதல் மூன்று வசனத்தை மட்டும் முழுதாக எழுதிப் பாடமாக்குவேன், படபடப்பு உச்சத்தில் நிற்பது அங்கேதான் என்பதால். மிச்சத்துக்குக் குறிப்பு போதும். கோயில் மேடையில் இது கொஞ்சம் ஏறும், கழகக் கூட்டத்தில் இறங்கும்.

## அந்த மூன்று பேருக்கும் நான் சொன்னது

வங்கித் தம்பிக்கு ரோஸ்ட்மாஸ்ரர்ஸ். ஆங்கிலம், நேரக் கட்டுப்பாடு, திடீர்க் கேள்வி மூன்றும் அவருடைய கொழும்புக் கூட்டத்திலும் இருக்கின்றன. சேருமுன் இரண்டு கழகங்களுக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள், மதிப்பீடு வெறும் புகழ்ச்சியாக இருந்தால் அடுத்த கழகத்தைப் பாருங்கள் என்றேன். ஒரு வருடத்துக்கு மேல் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

பல்கலைக்கழகத் தங்கச்சிக்கு இந்த ஐந்தில் ஒன்றும் வேண்டாம். இரண்டு மாதத்தில் எதுவும் முழுதாகப் பிடிபடாது. அவருடைய சபையும் நாலு பேர்தான். கூடப் படிக்கிற மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கிழமையில் இரண்டு நாள் வெற்று விரிவுரை மண்டபம் ஒன்றில் எழும்பச் சொன்னேன். ஒருவர் நேரம் பார்க்கட்டும், ஒருவர் "ஏன் இந்த முறையை எடுத்தனீர்?" என்று இடைமறித்துக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், ஒருவர் போனில் பிடிக்கட்டும். எட்டுக் கிழமையில் பதினாறு தரம். சிலைட்டைப் பார்த்து வாசிக்கும் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு றோல்ஸ் தண்டம். தண்டத்தை அவரே கூட்டிச் சேர்த்தது, நான் சொன்னதில்லை.

அக்காவுக்கு வெளியில் எங்கும் போகத் தேவையில்லை. மேடை அவரிடமே இருக்கிறது. மாதாமாதம் கூட்டம் அவருடையதுதான். குறைவது உண்மை சொல்கிற ஆள். சங்கத்தில் கொஞ்சம் வாய்த்துடுக்கான ஒரு பெண்பிள்ளையைப் பிடித்து, கூட்டம் முடிந்து வீடு போகிற வழியில் இரண்டே இரண்டு பிழை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னேன். தலைமையுரையை மூன்று நிமிடமாகக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் வேறொரு உறுப்பினருக்கு ஒரு நிமிடம் கொடுக்கச் சொன்னேன். தலைவி பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற சபை, தானும் எழும்ப வேண்டிய சபையானால் முகம் மாறிவிடும்.

"பேப்பர் பிடிக்கலாமோ?" என்று போகும்போது திரும்பவும் கேட்டார். பிடிக்கலாம், நானும் பிடிக்கிறேன். ஆனால் அந்தப் பெரிய மெல்லிய தாள் வேண்டாம். விரலில் சின்ன நடுக்கம் இருந்தாலும் தாள் அதைப் பெரிதாக்கிப் பின்வரிசை வரைக்கும் காட்டிவிடும். அழைப்பிதழ் வெட்டி மிஞ்சிய மட்டைத் துண்டுகள் அச்சகத்தில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. உள்ளங்கை அளவில் நாலைந்தை வெட்டிக் கொடுத்தேன். நன்றி சொல்ல வேண்டிய பெயர்களைக் கடைசித் துண்டில் எழுதச் சொன்னேன், ஒலிபெருக்கிக்காரரின் பெயரை முதலாவதாக.